குழந்தைக்குக் கண்ணில் பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறார்களா? முதல் நாள் முதல் நிறுத்தும் நாள் வரை

என் மகளுக்கு ஐந்து வயது நடந்தபோது இடது இமையில் கண்கட்டி வந்தது. இரண்டே நாளில் இமை வீங்கி, கண் முழுக்க மூடிக்கொண்டது. உப்புமாவில் கறிவேப்பிலை கிடந்தால் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளை, அன்றைக்கு அத்தனையையும் சேர்த்துத் தின்றாள். "இன்னைக்குக் கறிவேப்பிலை போடலையாம்மா?" என்று வேறு கேட்டாள். சாப்பிட்டு எழுந்தவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வீங்கியிருப்பது இடது கண். அப்படியானால் திறந்திருக்கிற வலது கண்ணுக்கு என்ன ஆயிற்று?

அந்தக் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே சரியாகத் தெரியவில்லை. வெளியில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத அழகான கண். ஆஸ்பத்திரியில் அளந்தபோது இடது 6/6, வலது 6/36. அதாவது, நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் பேட்ச், அதாவது ஒரு கண்ணை மூடி ஒட்டும் ஒட்டு, இல்லாத நாள் அபூர்வம். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் சொன்னதை வீட்டில் நடத்திக் காட்ட வேண்டியிருந்த ஒரு தாய். பேட்ச் ஒட்டச் சொல்லிச் சீட்டோடு வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

ஆங்கிலத்தில் அம்ப்ளியோபியா என்பார்கள். தமிழில் 'சோம்பேறிக் கண்' என்ற பெயர் பரவிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிள்ளை காதில் விழும்படி அதைச் சொல்லாதீர்கள். கண் சோம்பேறியாக இல்லை. அதிலிருந்து வரும் படம் மங்கலாகவோ விலகியோ இருப்பதால், மூளை அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான பார்வைப் பாதை முதல் ஏழெட்டு வருடங்களில்தான் உறுதிப்படுகிறது. அந்த வயதில் ஒரு கண்ணுக்கு வேலையே கிடைக்காமல் போனால் அதன் பங்கு மூளையில் சுருங்கிவிடும். ஹூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து இதைக் காட்டினார்கள். மூளை பார்வையைக் கையாளும் விதம் பற்றிய அவர்கள் ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் வருகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் இருப்பது. என் மகளுக்கு இதுதான். இன்னொன்று மாறுகண். மூன்றாவதாக, பிறவிக் கண்புரையோ கண்ணை மறைக்கும் தொங்கு இமையோ இருக்கலாம். அது குறைவு. ஆனால் அதுதான் மிக அவசரம்.

மாறுகண் என்றால் அதிர்ஷ்டம் என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். "மகாலட்சுமி பார்வை, விட்டுரு" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் மூன்று வயதில் காட்டியிருக்க வேண்டிய பிள்ளையைப் பத்து வயதில் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிள்ளை தானாக வந்து சொல்லாது. அதற்குத் தெரிந்த உலகமே அதுதான். எனவே மூன்று நான்கு வயதில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் உள்ளங்கையால் பிள்ளையின் ஒரு கண்ணை மூடுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடும். சுவரில் இருக்கும் தினசரி காலண்டரில் தேதியையோ படத்தையோ சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கண். கைக்குழந்தையாக இருந்தால், ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்துவிட்டு மறு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா என்று பாருங்கள். அழுதால், மூடியது நல்ல கண்ணாக இருக்கலாம். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் இடுக்குவது, டி.வி.க்கு முன்னால் போய் நிற்பது எல்லாம் காட்டிவிட வேண்டிய அறிகுறிகள். போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். அன்றோ மறுநாளோ போய்விடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

நெல்லையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து இங்கே இருக்கிறது. அதை 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். அந்த ஊர் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான். ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. பால்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் சிறார் உடல்நலக் குழு வந்து கண்ணையும் பார்ப்பார்கள். அவர்கள் ஒரு சீட்டுக் கொடுத்தால் அதைப் பையிலேயே மடித்து வைத்திருக்க வேண்டாம். எங்கே போனாலும் குழந்தைகள் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்த பவர் இந்த விஷயத்துக்குப் போதாது. என் மகளை முதலில் ஒரு கடையில்தான் காட்டினோம். "ஒரு கண்ணுல மட்டும்தான் பவர் இருக்கு, சின்னப் பிள்ளைக்கு இப்ப வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் போயிற்று.

சரியான பவரைக் கண்டுபிடிக்கக் கண்மணியை விரிக்கும் மருந்து போட வேண்டும். சிறு குழந்தைகளுக்குச் சில மருத்துவர்கள் அட்ரோபின் களிம்பை வீட்டிலேயே மூன்று நாள் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அதைப் போட்டால் பத்து நாள் வரைக்கும் வெளிச்சம் கூசும். தொப்பி கொண்டு போங்கள். அம்பாசமுத்திரம், திசையன்விளை பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுவது நல்லது. அவசரத்தில் பாதியில் கிளம்பினால் மறுபடி வர வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் நான்கு விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கண்ணில் ஒட்ட வேண்டும், தினம் எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும். எந்தக் கண் என்பதை வாயால் மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். குறையுள்ள கண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்ளும். தெரியாத கண்ணை ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு வந்த குடும்பத்தைக் காத்திருக்கும் இடத்தில் பார்த்தேன். அந்த அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மேல் என்ன தப்பு? யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஒட்டு நல்ல கண்ணில். எப்போதும் நல்ல கண்ணில். அதை மூடினால்தான் மூளை மற்றக் கண்ணை எடுத்துக்கொள்ளும்.

கண்ணாடிதான் முதல் மருந்து

பவர் இருந்தால் முதலில் கண்ணாடி, பிறகுதான் பேட்ச். மங்கலான படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? பல மருத்துவர்கள் முதல் மூன்று நான்கு மாதம் கண்ணாடியை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். இதை வீணான காத்திருப்பு என்று நினைக்க வேண்டாம். பவர் வித்தியாசத்தால் வந்த குறையில், ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடியாலேயே பார்வை சரியாகிவிட்டதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் காட்டியது. என் மகளுக்குக் கண்ணாடியால் மட்டும் 6/36 ஆக இருந்தது 6/24 ஆயிற்று.

கண்ணாடியைக் காலையில் எழுந்ததும் போட்டால் இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். படிக்க மட்டும் என்று இல்லை. லென்ஸ் பாலிகார்பனேட் ஆக இருக்கட்டும். அது எளிதில் உடையாது. நன்றாகத் தெரியும் கண் ஒன்றுதான் இருக்கிறது. செல்லாங்குச்சியும் ஈர்க்குச்சி அம்பும் தீபாவளி வெடியும் உள்ள ஊரில் அந்த ஒரு கண்ணைக் காப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

எத்தனை மணி நேரம்?

முன்பெல்லாம் நாள் முழுக்கக் கட்டச் சொல்வார்கள். நல்ல கண்ணை மூடும் யோசனையே பழசு. பிரான்ஸில் பூஃபோன் என்ற அறிஞர் 1743-லேயே எழுதியிருக்கிறார். மணிக்கணக்கு மட்டும் 2003-க்குப் பிறகு மாறிற்று. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், 6/12 முதல் 6/24 வரை குறை இருந்தவர்களுக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டியதும் 6 மணி நேரம் ஒட்டியதும் நான்கு மாதத்தில் ஒரே பலன் தந்தன. அதைவிட மோசமாக இருந்தவர்களுக்கு 6 மணி நேரமும் நாள் முழுவதும் ஒட்டியதும் ஒன்றாக இருந்தன. அதனால்தான் இன்றைக்குச் சீட்டில் 2 அல்லது 6 என்ற எண்ணை அதிகம் பார்க்கிறோம். உங்கள் பிள்ளைக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு இங்கே ஆகாது.

எனக்கு மிகவும் உதவியது வேறொரு எண். பிரிட்டனில், ஒட்டு எத்தனை நேரம் உண்மையிலேயே கண்ணில் இருந்தது என்று தானே பதிவு செய்யும் சிறு கருவியை வைத்து அளந்தார்கள். கண்ணைச் சோதிக்கும் எழுத்துப் பலகையில் ஒரு வரிசை கூடுதலாகப் படிக்கச் சுமார் 120 மணி நேரம் ஒட்டு தேவைப்பட்டது. தினம் 2 மணி என்றால் ஒரு வரிசைக்கு இரண்டு மாதம். அதே ஆய்வில், சொன்ன நேரத்தில் பாதிக்குக் கிட்டத்தான் குழந்தைகள் உண்மையில் ஒட்டியிருந்தார்கள். அப்படியானால் இரண்டு மாதம் நான்கு மாதமாகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு "ஒரு மாசமாச்சு, ஒண்ணும் தெரியலையே" என்ற பதற்றம் எனக்குப் போயிற்று. மருந்துக் குப்பியில் இத்தனை மில்லி என்று அளந்து கொடுப்பதுபோல, இங்கே மணிகள்தான் மருந்து. ஆஸ்பத்திரி சீட்டை மட்டும்தான் கொடுக்கிறது. மருந்தை ஊற்றுவது நாம்.

ஒட்டும் முறை

மெடிக்கலில் கண் பேட்ச் என்று கேட்டாலே தருவார்கள். பெட்டியாக வரும். குழந்தைக்குச் சின்ன அளவு கேளுங்கள். கிடைக்காத நாளில், அல்லது செலவு கட்டாத வீட்டில், பஞ்சை நடுவில் வைத்த காஸ் துணியை மைக்ரோபோர் டேப்பால் ஒட்டலாம். அதை எப்படி மடிப்பது என்று ஆஸ்பத்திரியிலேயே ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

1. முகத்தைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. நெல்லை வெயிலில் எண்ணெய் முகத்தில் ஒட்டு பத்து நிமிஷம் நிற்காது.
2. பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பேட்சின் ஒடுங்கிய முனை மூக்குப் பக்கம் வரட்டும்.
3. மூக்கு ஓரத்திலிருந்து காது பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள். இமை முடியில் பசை படக் கூடாது. புருவத்தில் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது.
4. மூக்கு ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.
5. அதன்மேல் கண்ணாடியைப் போடுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒட்டிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கண்ணாடியில் மாட்டும் துணி உறை பார்க்க வசதி. ஆனால் சின்னப் பிள்ளைகள் மூக்கின் மேல் வழியாகப் பார்த்துவிடுவார்கள். தோலில் ஒட்டுவதுதான் நம்பகம்.

எடுக்கும்போது பிய்க்காதீர்கள். ஓரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரையோ இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயையோ தடவி ஐந்து நிமிஷம் விட்டு, ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள். அந்த எண்ணெயை மறுநாள் ஒட்டும் முன் கழுவிவிட வேண்டும். கத்திரி வெயிலில் வியர்க்குரு வரும், தோல் சிவக்கும். அந்த மாதங்களில் நாங்கள் காலை 6 முதல் 8 என்று நேரத்தையே மாற்றிக்கொண்டோம். கொப்புளமோ புண்ணோ வந்தால் ஒட்டுவதை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வகை ஒட்டு இருக்கிறது, சொட்டு மருந்து இருக்கிறது.

முதல் பதினைந்து நாள்

இதுதான் கஷ்டம். பிள்ளை இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணோடு விளையாடு என்கிறோம். என் மகள் முதல் நாள் நாற்பது நிமிஷம் அழுதாள். மூன்றாம் நாள் பேட்சைப் பிய்த்துத் துளசிச் செடிக்குள் போட்டாள். என் மாமியார் தாங்க முடியாமல், "ஏளா, நல்லாத் தெரியுத கண்ணப் போய் ஏன் கட்டுதே? பிள்ள பாவமில்லையா?" என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் பேத்தி வலது கண்ணால் தடுமாறுவதை நேரில் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே "ஆச்சி ஒட்டிவிடட்டுமா?" என்று பேட்ச் பெட்டியை எடுத்தவர்கள் அவர்கள்தான். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் வாதம் செய்யாதீர்கள். ஒருமுறை உடன் அழைத்துப் போங்கள்.

முதல் வாரம் முழு நேரத்துக்கும் குறி வைக்க வேண்டாம். அரை மணி, பிறகு ஒரு மணி என்று பத்து நாளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். தினம் ஒரே நேரமாக இருக்கட்டும். பல் தேய்ப்பதுபோல அது ஒரு வழக்கமாகிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஒட்டியதும் சும்மா உட்காரவிடாதீர்கள். சும்மா இருந்தால் கை பேட்சுக்குப் போகும். ஒட்டுக்கு மேலே ஒட்டுப்பொட்டு வைப்பது என் மகளின் கண்டுபிடிப்பு. ஒரு நாள் நட்சத்திரமாக, ஒரு நாள் கோலமாக. எந்தப் பொட்டு என்பதை அவள் முடிவு செய்வாள், ஒட்டுவதா வேண்டாமா என்பது பேச்சில் கிடையாது. சின்ன உரிமையை அவளிடம் கொடுத்ததால் பெரிய சண்டை நின்றது.

என்ன விளையாடலாம்? பல்லாங்குழி எங்களுக்குக் கைகொடுத்தது. புளியமுத்தை எண்ணிப் போடுவது, தாயம், புள்ளிக்கோலம், அரிசியில் கல் பொறுக்குவது, பூ கட்டுவது, படத்துக்கு வர்ணம் தீட்டுவது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் புளியமுத்தும் சோழியும் கொடுக்க வேண்டாம், விழுங்கிவிடும். கிட்டத்து வேலைதான் செய்ய வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கிட்டத்து வேலை செய்த குழந்தைகளுக்கும் செய்யாத குழந்தைகளுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று பிறகு தெரிந்தது. டி.வி. பார்த்தாலும் மணி மணிதான். முக்கூடல் பக்கத்தில் என் சித்தி வீட்டில், பீடி சுற்றும் தட்டுக்குப் பக்கத்தில் பேத்தியை உட்கார வைத்துக் கதை சொல்லியே இரண்டு மணியைக் கடத்திவிடுவார்கள். புகையிலைத் தூள் பட்ட கையோடு கண்ணைத் தொடக் கூடாது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லி வைத்தேன்.

ஒட்டோடு இருக்கும் பிள்ளைக்குத் தூரமும் ஆழமும் பிடிபடாது. மாடிப்படி, கிணற்றடி, ஆற்றுப் படித்துறை, அடுப்பு, சைக்கிள், தெருவைக் கடப்பது எல்லாவற்றிலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாமிரபரணியில் குளிக்கப் போகும்போது ஒட்டு வேண்டாம்.

6 மணி நேரம் சொல்லியிருந்தால் பள்ளிக்கூட நேரத்தைத் தொடாமல் முடியாது. டீச்சரிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமல் எழுத்துப் பிழை வந்தால் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். "ஒத்தக்கண்ணி" என்று கூப்பிடும் பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் டீச்சர் ஒருநாள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு கண்ணில் காகிதத்தை ஒட்டி அரை மணி படம் வரைய வைத்தார். அதோடு கேலி நின்றது. அந்த டீச்சரை நினைத்தால் இன்னும் எனக்குக் கண் கலங்கும். 2 மணி நேரம் மட்டும் என்றால் பள்ளியை விட்டுவிடுங்கள். சாயங்காலம் போதும்.

கணக்கும் மறுபரிசோதனையும்

சமையலறைக் காலண்டரில் ஒட்டிய நேரத்தை எழுதுங்கள். ஒட்டாத நாளில் பூஜ்யம் போடுங்கள். அதை மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். பயந்து கூட்டிச் சொன்னால், 2 மணி போதவில்லை என்று அவர் 6 ஆக்குவார். உண்மையில் பிள்ளை முக்கால் மணிதான் ஒட்டியிருக்கும்.

மறுபரிசோதனை பெரும்பாலும் ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் இருக்கும். கைக்குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். இதைத் தவறவிடக் கூடாததற்குக் காரணம் உண்டு. மூடிய நல்ல கண்ணே சில சமயம் மங்கத் தொடங்கும். சின்ன வயதில், நாள் முழுக்க ஒட்டும்போது இந்த ஆபத்து அதிகம். நாள் முழுக்க ஒட்டுபவர்களை வயதுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில், இரண்டு வயதானால் இரண்டு வாரத்தில், வரச் சொல்வது பழைய வழக்கம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அது தானாகத் திரும்பிவிடும். நாமாக "இன்னும் கொஞ்சம் கூட ஒட்டலாமே" என்று நேரத்தை ஏற்றக் கூடாது.

பேட்ச் முடியவே முடியாது என்றால்

அட்ரோபின் 1 சதவீதச் சொட்டு மருந்து இருக்கிறது. நல்ல கண்ணில் ஒரு சொட்டு விட்டால் அதற்குக் கிட்டப் பார்வை மங்கும். பிள்ளை மற்றக் கண்ணை எடுத்துக்கொள்ளும். நடுத்தரக் குறைக்கு இது பேட்சுக்குச் சமமான பலன் தருவதாக 2002-லேயே காட்டினார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விடும் முறையும் உண்டு. ஒட்டுச் சண்டை கிடையாது. ஆனால் வெயில் கூசும், தொப்பியும் நிழலும் வேண்டும். மருந்து விட்டதும் மூக்கோரத்தை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், கையைக் கழுவுங்கள். முகம் சிவப்பது, காய்ச்சல், வாய் வறட்சி, படபடப்பு, பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசுவது இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குப்பி பிள்ளை கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் விஷம்.

பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் நல்ல சாப்பாடு. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இந்தக் குறையை அவை தீர்க்காது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மாறுகண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் பேட்ச் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆபரேஷன் கண்ணை நேராக்கும். மூளை ஒதுக்கி வைத்த பார்வையைத் திருப்பித் தராது. அதனால் பெரும்பாலும் முதலில் ஒட்டு, பிறகுதான் ஆபரேஷன்.

வயது போய்விட்டதே என்று கலங்குபவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களில் கண்ணாடியோடு பேட்சையும் சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வந்ததாக 2005-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில், அதற்கு முன் சிகிச்சையே எடுக்காதவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பலன் இருந்தது. பலன் சின்ன வயதில் கிடைக்கும் அளவுக்கு இருக்காது. ஆனாலும் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒருவர் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நிறுத்துவது எப்படி?

என் மகள் எட்டு மாதத்தில் 6/12-க்கு வந்தாள். கோடை லீவுக்கு அவளைக் களக்காட்டில் என் அம்மா வீட்டில் விட்டோம். பார்வைதான் நன்றாக வந்துவிட்டதே என்று பேட்சைப் பையில் வைக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அளந்தபோது ஒரு வரிசை பின்னால் போயிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க ஆடியும் ஆவணியும் ஆயிற்று.

பார்வை வந்த பிறகும் மூளை பழைய வழக்கத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஒட்டை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் குறை திரும்பி வருகிறது. தினம் 6 முதல் 8 மணி நேரம் ஒட்டியவர்கள் சட்டென்று நிறுத்தியபோது 42 சதவீதம் பேருக்குத் திரும்பியது. 2 மணிக்குக் குறைத்துவிட்டு நிறுத்தியவர்களிடம் அது 14 சதவீதம்தான். ஆகவே மருத்துவர் நிறுத்தலாம் என்று சொன்னாலும் "எப்படிக் குறைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். எங்களுக்கு 2 மணியை ஒரு மணியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, கடைசியில் வாரம் இரண்டு நாளாக்கி, மூன்று மாதத்தில் நிறுத்தினார்கள். அன்று அவள் வலது கண்ணால் 6/9 வரிசையை முழுதாகப் படித்தாள்.

பேட்ச் நின்றாலும் கண்ணாடி நிற்காது. நிறுத்திய முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும்வரை வருடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். இடையில் மாதம் ஒருநாள் நானே உள்ளங்கையால் அவள் இடது கண்ணை மூடி, சுவரில் தொங்கும் காலண்டரின் கீழே உள்ள நல்ல நேரத்தைப் படிக்கச் சொல்வேன். அடுத்த பரிசோதனைத் தேதியை அதே காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள். அன்றைக்கு ஆச்சியும் வர வேண்டுமாம்.